நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், டீச்சர்!

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தால், பலவற்றில் ஒரே குரல். எல்லோரும் ஆசிரியைகள், எல்லோருக்கும் இது முதல் குழந்தை. மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. 20 வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள், முதல் குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவள். உடம்பைப் பற்றி இங்கே எழுதியிருப்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது. உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

அக்கா, எனக்கு இது 9-வது வாரம். காலையில் முதல் பீரியடே எட்டாம் வகுப்பு. பாதிப் பாடத்தில் குமட்டிக்கொண்டு வருகிறது. மார்க்கர் வாசனை, பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா வாசனை எதையும் தாங்க முடியவில்லை. 3 மாதம் முடியும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். பள்ளியில் சொல்லலாமா?

ஒருவரிடம் சொல்லுங்கள். எல்லோரிடமும் வேண்டாம், ஒரே ஒருவரிடம். கர்ப்பம் கலைவது பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள் நடப்பதால்தான் அதுவரை பொறுத்திருக்கச் சொல்கிறார்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இருப்பது வீடு இல்லை. 40 பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறீர்கள். திடீரென்று வெளியே ஓட வேண்டி வந்தால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், நீங்கள் கழிவறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால் அங்கே வந்து கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியையாக இருந்தால் நல்லது. தலைமை ஆசிரியை நம்பகமானவர் என்றால் அவரிடமும் சொல்லி, முதல் பீரியடை வேறொருவரோடு சில வாரங்களுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அட்டவணையை மாற்றுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை.

இந்தக் குமட்டல் உங்கள் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கிற ஜிடிஎஃப் 15 என்ற ஹார்மோன் தாயின் மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது என்றும், கர்ப்பத்துக்கு முன்பு யாருடைய உடம்பில் அது குறைவாக இருந்ததோ அவர்களுக்கு மசக்கை கடுமையாக வருகிறது என்றும் 2023-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. காலங்காலமாக "எல்லாம் மனசுதான்" என்று கேட்டுக் கேட்டு வாயை மூடிக்கொண்ட பெண்களை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை.

வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே ஒரு உலர்ந்த பிஸ்கெட்டைக் கடித்துக்கொள்ளுங்கள். மேஜை இழுப்பறையிலும் கொஞ்சம் வைத்திருங்கள், ஒவ்வொரு பீரியட் இடைவெளியிலும் ஒரு வாய். கைப்பையில் ஒரு கவர், ஒரு துண்டு, தண்ணீர். வகுப்பில் கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு வகுப்புக்கும் 10 நிமிட எழுத்துவேலை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள், "இந்தப் பத்தியைப் படித்து 5 கேள்வி எழுதுங்கள்" என்பது மாதிரி. குமட்டும்போது அதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் இது அடங்கிவிடும். ஆனால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் அடர்நிறமாகப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். லீவு போட வேண்டுமே என்று யோசிக்கிற நேரம் அது இல்லை.

எனக்கு 5 மாதம். ஒரு நாளைக்கு 6 பீரியட், எல்லாம் நின்றபடிதான். எங்கள் பள்ளியில் ஆசிரியர் உட்கார்ந்து பாடம் நடத்தினால் சோம்பேறித்தனம் என்று பார்ப்பார்கள். சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது, சில நேரம் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன். ஏனென்றால் இது அப்படியே என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியிலும் வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலியே கிடையாது. 5 மாதம் வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவள், வேலை போய்விடுமோ என்று பயம். ஒரு நாள் காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். கண் விழித்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அலுவலகத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். பெரியவர்கள் எல்லாம் சுற்றி நின்று என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள், அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு பிரசவம் வரை அந்த நாற்காலி எந்த வகுப்புக்கு நான் போனாலும் எனக்கு முன்னால் போனது, பிள்ளைகளே முறை வைத்துக்கொண்டு தூக்கி வந்தார்கள். நான் முதல் மாதமே வாய் திறந்து கேட்டிருக்கலாம். விழுந்த இடத்தில் ஒரு படி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில ராத்திரி நினைப்பு வரும்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் கேட்பதற்குத் தைரியம் வரும், அதனால் சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடிவிடுகிறது. ஆனால் ரத்தக் குழாய்களும் தளர்வதால் நடு மாதங்களில் ரத்த அழுத்தம் வழக்கத்தைவிடச் சற்று இறங்கியே இருக்கும். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்குகிறது, வளரும் கருப்பை இடுப்புப் பகுதி ரத்தக் குழாய்களை அழுத்துவதால் மேலே திரும்பவும் சிரமப்படுகிறது. மூளைக்குப் போவது ஒரு நிமிடம் குறைந்தால் கண்ணை இருட்டும். உங்கள் மன உறுதிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எப்படிக் கேட்பது? "உட்காரலாமா?" என்று அனுமதி கேட்கிற தொனியில் வேண்டாம். டாக்டரிடம் "நீண்ட நேரம் தொடர்ந்து நிற்கக் கூடாது" என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு போய், "எனக்கு இப்போது 5 மாதம். டாக்டர் இப்படிச் சொல்லியிருக்கிறார். நான் போகிற வகுப்புகளில் ஒரு நாற்காலி வேண்டும், மாடி வகுப்புகளைக் கீழே மாற்றித் தர முடியுமா?" என்று நேராகச் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்று நாமே தெளிவாகச் சொல்லும்போது மறுப்பது எதிரில் இருப்பவருக்குக் கஷ்டம். சீட்டின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உட்கார்ந்தே இருக்கவும் வேண்டாம். கொஞ்சம் உட்காருவது, கொஞ்சம் நடப்பது, இதுதான் காலுக்கு நல்லது. பாடம் நடத்தும்போது வரிசைகளுக்கு நடுவே நடங்கள், நின்றே ஆக வேண்டிய இடத்தில் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டே இருங்கள், கரும்பலகையில் எழுதுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று வைத்தால் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள், கையெழுத்தும் திருந்தும். ஆசிரியர் அறையில் காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வையுங்கள். காலுக்கு இறுக்கமான உறை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அது நன்றாக உதவுகிறது. தட்டையான, பிடிப்புள்ள செருப்பு.

சாயங்காலம் இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்தால் அது பெரும்பாலும் வழக்கமான வீக்கம். ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என்றால் ரத்தம் உறைந்திருக்கலாம். முகமும் கையும் திடீரென்று வீங்கி, விடாத தலைவலி, கண் மங்கல், விலா எலும்புக்குக் கீழே வலி என்றால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு வருகிற இந்த ரத்த அழுத்தக் கோளாறு தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. இரண்டுக்குமே பள்ளி மணி அடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். "பேப்பர் திருத்தித் திருத்தித் தலை வலிக்கிறது" என்று நாமே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது. வகுப்பை விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். இது சரியா?

சரி இல்லவே இல்லை. இன்றைக்கே மறுபடி குடிக்கத் தொடங்குங்கள். சிறுநீரகங்களுக்குப் போகிற ரத்தம் கூடியிருக்கிறது, கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்துகிறது, அதனால் அடிக்கடி வரத்தான் செய்யும். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கிவைத்தால் சிறுநீர்த் தொற்று சுலபமாக வந்துவிடும். கர்ப்ப காலத்தில் அது சிறுநீரகம் வரை ஏறிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடலாம், மாதம் நிறைவதற்கு முன்பே பிரசவ வலி வரவும் அது ஒரு காரணம் ஆகலாம். எரிச்சல், காய்ச்சல், இடுப்பின் பின்புறம் வலி இருந்தால் உடனே காட்டுங்கள்.

பக்கத்து வகுப்பு ஆசிரியையோடு பேசி ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நீங்கள் கதவில் வந்து நின்றால் அவர் இரண்டு வகுப்பையும் 4 நிமிடம் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆசிரியர்கள் காலம் முழுக்கச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பதை யாரும் ஒரு பிரச்சினையாகவே பேசுவதில்லை. கர்ப்பிணிக்கு மட்டும் இல்லை, யாருக்குமே அது நல்லதில்லை.

நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர், 10 வாரம். நேற்று என் வகுப்புக் குழந்தை ஒன்றுக்குச் சின்னம்மை என்று அவள் அம்மா போனில் சொன்னார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

இதைப் படிப்பதற்குள் நீங்கள் டாக்டரிடம் பேசியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேசவில்லை என்றால் பத்திரிகையை மூடிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும், அதனால் "அவளுக்கு அப்போது ஒன்றும் இல்லையே" என்று கணக்குப் போட வேண்டாம். உங்களுக்குச் சின்ன வயதில் வந்திருந்தாலோ, இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருந்தாலோ பெரும்பாலும் பயமில்லை. தெரியவில்லை என்றால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துப் பாதுகாக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கு நாள் கணக்கு உண்டு, தொடர்பு ஏற்பட்டு 10 நாளைத் தாண்டவிடக் கூடாது. சீக்கிரம் போவதில்தான் எல்லாம் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளோடு வேலை பார்க்கிற எல்லோருக்கும் இதையொட்டி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ருபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மை முதல் 12 வாரத்தில் தாய்க்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் தாக்கக்கூடியது. 1941-ல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்தபோதுதான், அவர்களில் பலருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்தக் காய்ச்சல் வந்திருந்தது தெரிந்தது. இதற்கும் சின்னம்மைக்கும் தடுப்பூசியைக் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், கர்ப்பத்தில் போடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிற ஆசிரியைகள் இதைப் படித்தால் இப்போதே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கன்னம் அறைந்தது மாதிரி சிவக்கிற ஒரு காய்ச்சல் பிள்ளைகளுக்கு வரும், பார்வோ வைரஸ் என்று பெயர். முதல் 20 வாரத்தில் இது குழந்தைக்கு ரத்தசோகையை உண்டாக்கலாம், வகுப்பில் யாருக்காவது வந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மழலையர் வகுப்பில் இருப்பவர்கள் சைட்டோமெகலோ வைரஸ் என்ற ஒன்றைக் கவனிக்க வேண்டும், அது சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும். மூக்கைத் துடைத்துவிட்ட பிறகும், கழிவறைக்கு அழைத்துப்போன பிறகும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். பிள்ளை கடித்த பென்சிலை நீங்கள் வாயில் வைக்காதீர்கள், ஆசையாக ஊட்ட வந்தால் "மிஸ் அப்புறம் சாப்பிடறேன்" என்று சொல்லுங்கள். குழந்தையை அணைத்துக்கொள்வதை நிறுத்த வேண்டாம், முத்தத்தை உச்சந்தலையில் கொடுங்கள். கர்ப்பத்தில் போடக்கூடிய தடுப்பூசிகளும் உண்டு. ஃபுளூ ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். கக்குவான் இருமல் ஊசியைப் பல நாடுகளில் 27 முதல் 36 வாரத்துக்குள் போடுகிறார்கள், தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச்சேர்வதற்காக.

வேதியியல் ஆசிரியை நான். ஆய்வகத்துக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் எதைத் தொடுகிறோம் என்று பார்த்துப் போங்கள். ஃபார்மலின், பென்சீன், டொலுவீன், ஈயம், பாதரசம் இவை இருக்கிற வேலைகளை வேறு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். காற்றோட்டம் இல்லாத ஆய்வகத்தில் நிற்காதீர்கள். பயன்படுத்தும் ரசாயனங்களின் பட்டியலை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். சாக்பீஸ் தூசி பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது இருமலைக் கிளப்பும், மூக்கை எரிக்கும், சாதாரண சாக்பீஸ் குழந்தையைப் பாதிக்கும் விஷம் இல்லை. ஈரத்துணியால் பலகையைத் துடைத்தால் போதும்.

அக்கா, எனக்கு 7 மாதம். வகுப்பில் சத்தம் போட வேண்டியிருக்கிறது. நான் கத்தும்போதெல்லாம் உள்ளே குழந்தை துள்ளுகிறது. பயந்துபோகிறதா? குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

உங்கள் குழந்தைக்குக் காது கேட்கிறது, அதுதான் விஷயம். 6 மாதம் கடந்துவிட்டால் குழந்தைகள் சத்தத்துக்கு அசைவதைப் பார்க்கலாம். வெளிச் சத்தம் வயிற்றைத் தாண்டி மங்கலாகத்தான் போகும், உங்கள் குரல் மட்டும் உங்கள் உடம்பின் வழியாகவே நேரே போகிறது. 1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து 3 நாள்கூட ஆகாத குழந்தைகள் வேறு பெண்ணின் குரலைவிடத் தங்கள் தாயின் குரலைக் கேட்பதற்காகவே சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டதைக் காட்டினார்கள். அதாவது பெருக்கல் வாய்ப்பாடோ இலக்கணமோ, நீங்கள் நாள் முழுக்க நடத்துகிற பாடமெல்லாம் உங்கள் பிள்ளைக்குப் பழகிய சத்தம். வகுப்பில் அவ்வப்போது குரலை உயர்த்துவது குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள்.

கத்துவதைக் குறைக்கச் சொல்வது உங்களுக்காக. கருப்பை வளர வளர உதரவிதானம் 4 செ.மீ. அளவுக்கு மேலே ஏறிவிடுகிறது, மூச்சு சீக்கிரம் வாங்கும், தொண்டையின் உள்தோலும் லேசாக வீங்கியிருக்கும், குரல் சுலபமாகக் கட்டிக்கொள்ளும். கைதட்டி ஒரு தாளம் போடுங்கள், பிள்ளைகள் அதைத் திருப்பித் தட்டட்டும், மூன்றாவது தட்டில் வகுப்பு அடங்கிவிடும். சில வகுப்புகளில் நான் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்பேன், அதற்கு மிஞ்சிய அதட்டல் இல்லை.

இந்தத் துள்ளலைப் பற்றி இன்னொன்று. முதல் குழந்தை என்றால் அசைவு தெரியவே 20 வாரம் தாண்டலாம், வகுப்பு நடக்கிற மும்முரத்தில் பகலில் பல அசைவுகள் நமக்குத் தெரியாமலே போய்விடும். 28 வாரத்துக்குப் பிறகு மதிய இடைவேளையில் 10 நிமிடமாவது ஒருக்களித்துச் சாய்ந்து, கையை வயிற்றில் வைத்துக் கவனியுங்கள். உங்கள் குழந்தைக்கென்று ஒரு வழக்கம் இருக்கும். அது குறைந்த மாதிரி தோன்றினால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் பேசுங்கள்.

மேடம், என் மனைவி ஆசிரியை, இப்போது 8 மாதம். ராத்திரி 11 மணி வரை பேப்பர் திருத்துகிறார். விரல் மரத்துப்போகிறது என்கிறார். சொன்னால் கேட்பதில்லை. நான் என்ன செய்ய?

தம்பி, "திருத்தாதே" என்று சொல்வதால் பேப்பர் குறையாது, அதனால்தான் அவர் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண்ணைக் கூட்டிக் கொடுங்கள், பட்டியலில் ஏற்றுங்கள், சரியா தவறா வகைக் கேள்விகளை விடைத்தாளை வைத்துக்கொண்டு நீங்களே பார்க்கலாம். சமையல், துணி, பாத்திரம் மூன்றையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிவேலை முடிந்து வீட்டுவேலையும் முடித்த பிறகுதான் அவர் பேப்பர் கட்டைப் பிரிக்கிறார் என்றால், 11 மணி ஆனதற்குக் காரணம் பேப்பர் மட்டும் இல்லை.

விரல் மரத்துப்போவது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நிறையப் பேருக்கு வருவது. மணிக்கட்டில் நீர் கோத்து நரம்பை அழுத்துவதால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரக்கும், ராத்திரியில் அதிகம். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும். பேனாவைத் தடிமனாக வாங்கிக் கொடுங்கள், 20 நிமிடத்துக்கு ஒரு முறை கையை உதறச் சொல்லுங்கள், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை ராத்திரி கட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தூங்கும்போது மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், நடுவில் புரண்டுவிட்டால் பதற வேண்டாம், விழித்ததும் மறுபடி திரும்பிக்கொண்டால் போதும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. அதை எடுத்து வைப்பது உங்கள் வேலை.

பிள்ளைகளின் பெயரே மறந்துபோகிறது. ஒரே பாடத்தை ஒரே வகுப்பில் இரண்டு முறை எடுத்துவிட்டேன்.

தூக்கம் போதாததும் களைப்பும் அப்படிச் செய்யும், உங்கள் அறிவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. எந்த வகுப்பில் எந்தப் பக்கம் வரை நடத்தினோம் என்று பாடக்குறிப்பில் அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். வகுப்பு லீடரிடமும் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். களைப்பு அளவுக்கு மீறினால் ரத்தசோகையோ தைராய்டோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் என் வயிற்றைப் பார்த்துக் கிசுகிசுக்கிறார்கள். சங்கடமாக இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளோ "மிஸ், பாப்பா உள்ளே எப்படிப் போச்சு?" என்று கேட்கிறார்கள்.

நீங்களே சொல்லிவிடுங்கள். வகுப்பு தொடங்கும்போது ஒரு நிமிடம், "எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, இன்னும் 4 மாதம். சில நேரம் உட்கார்ந்து நடத்துவேன், சில நேரம் வெளியே போய்வருவேன். நீங்கள் ஒத்துழைக்க வேண்டும்." கிசுகிசு அதோடு பாதி நின்றுவிடும், ஏனென்றால் அது ரகசியமாக இருக்கும்வரைதான் கிசுகிசு. என் அனுபவத்தில், பொல்லாதவன் என்று பெயர் வாங்கிய பையன்கள்தான் முதலில் வந்து நோட்டுக் கட்டைத் தூக்கினார்கள்.

சின்னவர்களுக்குப் பொய் வேண்டாம். "அம்மா வயிற்றில் பாப்பா வளர்வதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது, அங்கே ரொம்பச் சின்னதாக இருந்து வளர்கிறது" என்றால் அந்த வயதுக்குப் போதும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கேட்டால் உங்களுக்குப் பிடித்தால் சரி, பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம் கண்ணா" என்று சொல்லலாம். கேட்காமல் யார் உடம்பையும் தொடக் கூடாது என்பதை அவர்களும் அங்கேயே கற்றுக்கொள்வார்கள்.

எனக்குப் பிரசவத் தேதி ஆண்டுத் தேர்வுக்குச் சரியாக 2 வாரம் முன்பு. என் மாணவர்களை நடுவில் விட்டுப்போவதை நினைத்தால் அழுகை வருகிறது. தேதி வரைக்கும் வேலைக்குப் போய்விட்டு அப்புறம் லீவு எடுக்கலாமா?

உங்கள் அழுகை எனக்குப் புரிகிறது. ஒரு வகுப்பை வருஷத் தொடக்கத்திலிருந்து கைப்பிடித்து நடத்திவந்து, கடைசிப் படியில் இன்னொருவர் கையில் கொடுப்பது சுலபம் இல்லை. நானும் அழுதிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தேதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று போடுகிற கணக்கு அது. சரியாக அந்த நாளில் பிறக்கிற குழந்தைகள் 20-ல் ஒன்று இருந்தாலே அதிகம். 37 வாரத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் வரலாம், சில குழந்தைகள் அதற்கும் முன்பே வந்துவிடும். அதனால் 34 வாரத்துக்குள் எல்லாவற்றையும் ஒப்படைக்கத் தயாராக இருங்கள். மீதிப் பாடங்கள், எந்தப் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறது, யாரிடம் கடுமை வேண்டாம், யாரை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும், இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளைப் பற்றிய அந்தப் பக்கங்கள்தான் வருகிறவருக்கு உண்மையில் வேண்டும், பாடத்தை அவர் புத்தகத்தைப் பார்த்தே நடத்திக்கொள்வார். முடிந்தால் ஒரு வாரம் அவரை உங்களோடு வகுப்பில் உட்காரவைத்து மாணவர்களுக்குப் பழக்குங்கள்.

லீவு எப்போது தொடங்குவது என்பதை உடம்பும் டாக்டரும் சொல்லட்டும். கடைசி வாரம் வரை தெம்பாக வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள், 7 மாதத்திலேயே படுக்கச் சொல்லப்பட்டவர்களும் இருக்கிறார்கள், இவரைப் பார்த்து அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நாள் முழுக்க வேலை முடியவில்லை என்றால் அரை நாள் கிடைக்குமா என்று கேளுங்கள். வேலை விதிகளையும் எழுத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள், யாரோ சொன்னதை நம்ப வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-ல் கொண்டுவந்த 183-வது உடன்படிக்கை மகப்பேறு விடுப்பு குறைந்தது 14 வாரம் என்கிறது, அதில் 6 வாரம் பிரசவத்துக்குப் பிறகு கட்டாயம், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை, சில நாடுகளில் இதைவிட அதிகமாகவும் உண்டு. உங்கள் பள்ளிக்கு எது பொருந்தும் என்பதைக் கேட்டு, விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

லீவில் போன பிறகு தினமும் போன் செய்து பாடம் எங்கே நிற்கிறது என்று கேட்காதீர்கள். தேர்வுக்கு முதல் நாள் உங்கள் குரலில் ஒரு நிமிடம் பேசி அனுப்புங்கள், வகுப்பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது போதும். திரும்பி வேலைக்கு வந்த பிறகு பால் கொடுப்பதற்கு இடைவேளை கேட்பது எப்படி என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குத் தனியாகவே எழுத வேண்டும், அடுத்த முறை எழுதுகிறேன்.